பூட்டப்பட்ட கோப்புகளும் நான் பேசாமல் இருந்த மூன்று வருடங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை பிரதான வீதியை அண்டிய ஒழுங்கையொன்றில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தட்டச்சு, நிழற்பிரதி, இணைய விண்ணப்ப வேலைகளைச் செய்துவரும் சிறிய கடையொன்றின் உரிமையாளன் நான். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எமது கடைக் கணினிகளில் இருந்த கோப்புகள் அனைத்தும் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்றால் ஒரே இரவில் பூட்டப்பட்டுப் போயின. என் வீட்டாருக்கும் கடையில் வேலை செய்த இருவருக்கும் உதவிக்கு வந்த ஒரு மாணவிக்கும் அப்பால் எவருக்கும் அதை நான் முழுமையாகச் சொன்னதில்லை. சென்ற மாதம் எமது வீதியில் இதே தொழிலைச் செய்யும் தம்பி ஒருவர் என்னை அழைத்து, கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, "அண்ணா, எல்லாம் போயிட்டுது, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்று தணிந்த குரலில் தன் கணினியைக் காட்டினார். எனக்கு வந்த அதே வழியால்தான் அவருக்கும் வந்திருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னரே நான் வாய் திறந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஆகவே நடந்ததை உங்கள் பத்திரிகை வாயிலாக எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற கடைகளில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். காகிதத்தின் பெறுமதியை இந்த மாவட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தவர்கள் அவற்றின் பிரதிகளைப் பெறுவதற்காக எத்தனை அலுவலகப் படிகளை ஏறி இறங்கினார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். 2006இல் சம்பூரை விட்டு வெளியேறியவர்கள் உடுதுணியை விட்டாலும் பொலித்தீன் பையில் சுற்றிய உறுதியை விடவில்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரு பிரதி எடுக்க வரும்போது, "உங்கட கடையிலயும் ஒண்டு கிடக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் ஸ்கேன் செய்த பிரதியை அவர்களின் பெயரிட்ட கோப்புறையில் வைத்துக்கொள்வேன். யாரும் கேட்டு நான் தொடங்கிய சேவையல்ல அது. ஆனால் வருடங்கள் போகப்போக, ஒரு சிறு காரியாலயத்தின் பதிவறைக்கு ஒப்பான பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பொறுப்புக்கு ஏற்ற பூட்டு எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

2022 ஜூன் எப்படியான காலம் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்வெட்டு, எரிபொருள் வரிசை, விலை ஏறிய காகிதக் கட்டுகள், முந்நூற்றறுபது ரூபாவை அண்டி நின்ற அமெரிக்க டொலர் என்பவற்றுக்கு இடையில், திருமண அழைப்பிதழ் வேலையொன்று அவசரமாக வந்தது. அதற்குத் தேவையான வடிவமைப்பு மென்பொருள் அதற்கு முந்தைய வாரம் வேலை செய்யாமல் நின்றுபோயிருந்தது. அது காசு கொடுத்து வாங்கியதல்ல. எமது நகரில் பெரும்பாலான கடைகளில் உள்ளதைப் போல, 'கிராக்' போட்ட பிரதியே எங்களிடமும் இருந்தது. புதிய கிராக்கைத் தேடி இறக்கும்படி கடையில் வேலை செய்த பையனுக்குச் சொன்னவன் நான். இறக்கிய பொதியோடு வந்த குறிப்பில், நிறுவுவதற்கு முன் அன்டிவைரஸை நிறுத்திவிடுமாறு எழுதியிருந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நிற்பாட்டிவிட்டுப் போடு" என்று சொன்னதும் நான்தான். அந்தப் பையன் மீது எந்தக் குற்றமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவன் இப்போது வேறிடத்தில் வேலை செய்கிறான், நன்றாக இருக்கிறான்.

இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் நான் கற்றவற்றுள் முதன்மையானது இதுதான். கிராக் என்பது ஒரு மென்பொருளின் உரிமச் சோதனையை உடைக்கும் சிறு நிரல். ஒரு நிரல் இன்னொரு நிரலின் உள்ளே புகுந்து அதை மாற்றினால் அன்டிவைரஸ் சத்தம் போடவே செய்யும். அது அதன் கடமை. ஆனால் பத்துப் பதினைந்து வருடங்களாக ஒவ்வொரு கிராக்கின் போதும் அந்த எச்சரிக்கையைக் கண்டு, ஒவ்வொரு முறையும் அதை நிறுத்திவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதால், எச்சரிக்கை என்பது பொருட்படுத்தத் தேவையற்ற ஒன்று என்ற பழக்கம் எங்கள் கைகளில் ஊறிவிட்டது. கள்வனுக்கு வேண்டியதும் அந்தப் பழக்கமே. அவன் கதவை உடைக்க வேண்டியதில்லை. காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு எனக்குக் கதவைத் திற என்று எழுதி வைத்தால் போதும், நாங்களே திறந்துவிடுவோம். கடவுச்சொல்லிட்ட பொதிக்குள் கிராக்கை அடைத்துத் தருவதும் இதே நோக்கத்துக்காகத்தான் என்று பின்னர் அறிந்தேன். பொதி பூட்டியிருந்தால் அதனுள்ளே இருப்பதை அன்டிவைரஸால் முன்கூட்டிப் பார்க்க முடியாது.

அன்று மாலை கணினி மெதுவானது. விண்டோஸ் அப்டேட் நடப்பதைப் போன்ற ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றியது. மின்வெட்டுக்கு முன் அது முடியட்டும் என்று நினைத்து, அணைக்காமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்துக் கொண்ட பொருளற்ற சொல்லொன்று ஒட்டியிருந்தது. படம் திறக்கவில்லை, கடிதம் திறக்கவில்லை, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருந்த இருபது வருடத்து வேலைகள் எவையும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது: கோப்புகளைத் திறக்கும் சாவியின் விலை 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, அதாவது 490 டொலர். அன்றைய மதிப்பில் பாதி விலையே ஒரு இலட்சத்து எழுபத்தாறாயிரம் ரூபாவைத் தாண்டியது.

காப்புப் பிரதி என்னிடம் இருந்தது. வெளியே பொருத்தும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் வாரந்தோறும் பிரதி செய்து வந்தேன். அதைப் பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. ஆனால் அந்த டிஸ்க்கை ஒருபோதும் கழற்றியதில்லை. கணினியோடு இணைந்தே இருந்ததால், கணினிக்கு அது இன்னொரு கோப்புறை மாத்திரமே, வைரஸுக்கும் அவ்வாறே. இரண்டாவது கணினியோடு பகிர்ந்திருந்த கோப்புறைகளும் அதே இரவில் போயின. விண்டோஸ் தானாகச் சேமித்து வைக்கும் முந்தைய நிலைகளையும் அந்த வைரஸ் முதலிலேயே அழித்துவிட்டிருந்தது.

உதவிக்கு வந்தவள் எமது நீண்டகால வாடிக்கையாளர் ஒருவரின் மகள். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்றுக்கொண்டிருந்தாள். பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் சைக்கிளில் வந்தாள். கடைக்குள் வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, முதல்ல இணைய வயரைக் கழற்றுங்கோ" என்பதாகும். கணினிப் பாதுகாப்பு இணையத்தளங்களை எங்கள் கணினியில் திறக்க முயன்றபோது அவை திறக்கவேயில்லை; அந்தத் தளங்களின் முகவரிகளை வைரஸ் கணினிக்குள்ளேயே தடை செய்து வைத்திருந்தது. நோயாளி வைத்தியசாலைக்குப் போகும் வீதியையும் மறித்து வைத்திருக்கும் நோய் அது. அவள் தன் கைபேசியில் தேடி, இது 'ஸ்டொப்' என்றும் 'டிஜேவு' என்றும் அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டறிந்தாள். பெருநிறுவனங்களைத் தாக்குவோர் வேறு. இது வீட்டுக் கணினிகளையும் எங்களைப் போன்ற சிறு கடைகளையும் கிராக் வழியாகப் பிடிப்பதற்கென்றே பரப்பப்பட்டது.

அவளிடமிருந்து நான் கற்றவற்றை இயன்றவரை தெளிவாக எழுதுகிறேன். இந்த வைரஸ் வேலை செய்யத் தொடங்கும்போது தன் எசமானின் சேவையகத்தைத் தொடர்புகொள்ள முயலும். தொடர்பு கிடைத்தால் அந்தக் கணினிக்கென்றே தனியான சாவி ஒன்றைப் பெற்றுப் பூட்டும். கிடைக்காவிட்டால் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். பொதுச் சாவியால் பூட்டப்பட்டவர்களுக்கு நம்பிக்கை உண்டு, ஏனெனில் அந்தச் சாவி ஒருவரிடமிருந்து வெளிவந்தால் அதே வகையால் பூட்டப்பட்ட மற்றவர்களுக்கும் பயன்படும். எம்சிசொஃப்ட் என்ற நிறுவனம் 2019இலிருந்து அதற்கான திறப்புக் கருவியை இலவசமாகத் தந்து வருகிறது. குறிப்பிலுள்ள அடையாள இலக்கம் 't' என்ற ஆங்கில எழுத்தோடும் 1 என்ற எண்ணோடும் முடிந்தால் அது பொதுச் சாவி. எங்களுடையது அப்படி முடியவில்லை. அந்தக் கடைசி இரண்டு குறிகளை நாங்கள் மூவரும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

காசைக் கட்டிவிடலாம் என்று நான் நினைத்தேன். கனடாவில் இருக்கும் என் மைத்துனர் பிட்கொயின் வாங்கி அனுப்பவும் ஆயத்தமாக இருந்தார். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வந்தாலும் அந்தக் காசு அடுத்த கடையைப் பூட்டுவதற்கே போகும் என்று அவள் சொன்னாள். இரண்டாவது காரணமே என்னைத் தடுத்தது. பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்க்கில் எடுத்து வைக்கும்படியும், பிற்காலத்தில் சாவிகள் வெளிவருவது உண்டு என்றும் கூறினாள். அந்த டிஸ்க் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது.

ஒரு சிறு மீட்பு மாத்திரம் கிடைத்தது. வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக இந்த வைரஸ் ஒரு கோப்பின் முதல் 150 கிலோபைட் அளவை மாத்திரமே பூட்டுகிறது. கடிதமும் சிறு படமும் அதற்குள் அடங்கிவிடுவதால் அவை முழுதாகப் போய்விடும். ஆனால் பெரிய ஒலிக்கோப்பில் தொடக்கம் மாத்திரமே கெடும். எனது பெரியம்மா தம்பலகாமத்தில் அரிவி வெட்டுக் காலத்தில் பாடும் பாட்டுகளை 2011இல் பதிவு செய்து எம்பி3 கோப்புகளாக வைத்திருந்தேன். அவர் இப்போது இல்லை. ஒட்டியிருந்த நான்கெழுத்தை அந்த மாணவி நீக்கிவிட்டு ஒலிக்க விட்டபோது, ஏறத்தாழ ஒன்பது வினாடி மௌனத்தின் பின் பாட்டின் நடுவரியிலிருந்து பெரியம்மாவின் குரல் எழுந்தது. பதினொரு பாட்டுகளுக்கும் முதலடி இல்லை, மிகுதி இருக்கிறது. உறுதிகளுக்கும் சான்றிதழ்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் அதை எனது சொந்த நட்டமாக எண்ணி அடங்கியிருப்பேன். மூன்றாம் நாள் எமது கடையின் பேஸ்புக் பக்கத்திலிருந்து என் நண்பர்கள் பலருக்கு, அவசரமாகக் காசு வேண்டும் என்று என் பெயரில் செய்தி போயிருந்தது. மூதூரிலுள்ள நண்பர் ஒருவர் சிறிதும் யோசியாமல் பதினையாயிரம் ரூபாவை வைப்பிலிட்டுவிட்டு, "கிடைச்சுதா?" என்று எனக்குத் தொலைபேசியில் பேசினார். கோப்புகளைப் பூட்டும் இந்த வைரஸ் பல வேளைகளில் கடவுச்சொல் திருடும் இன்னொரு நிரலையும் கூட்டிக்கொண்டே வருகிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை மாத்திரமன்றி, ஏற்கனவே உள்நுழைந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக உலாவி வைத்திருக்கும் சிறு தரவையும் அது எடுத்துச் செல்கிறது. அந்த அடையாளம் கையில் இருந்தால் கடவுச்சொல்லே கேட்கப்படாமல் உள்ளே போய்விடலாம்.

அதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது மேசைத்திரையில் இருந்த எக்செல் கோப்பு. வெளிநாட்டு வேலைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் கடவுச்சீட்டுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்க வருபவர்களுள் மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு நாங்களே கணக்குத் திறந்து கொடுப்போம். கடவுச்சொல் அவர்களின் பெயரும் அதன் பின் பிறந்த வருடமுமாக இருக்கும். அவர்கள் மறந்துவிட்டு வந்து கேட்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தோம். அதில் 317 பேர் இருந்தார்கள். எமது தொழிலில் இதைச் செய்யாத கடை அரிது என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். அந்தக் கோப்பு களவு போனதா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் கள்வன் வீட்டுக்குள் நின்ற இரவில் மேசையில் திறந்து கிடந்த பெட்டகம் அது.

தாளில் அச்சிட்டு வைத்திருந்த பழைய பட்டியல் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு மூன்று மாதங்களாக ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். ஆனால் நான் உண்மையைச் சொல்லவில்லை. "சிஸ்டத்தில் ஒரு பிழை, கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றே சொன்னேன். கிண்ணியாவைச் சேர்ந்த வயதான ஒருவர், மகன் கட்டாரில் இருக்கிறான், "நீங்கதானே தம்பி போட்டுத் தந்த, நீங்களே மாத்தி உடுங்க" என்றார். என்னிடமிருந்துதான் அவருக்கு ஆபத்து வந்தது என்பதை அவர் அறியவில்லை, நானும் அறிவிக்கவில்லை. அந்த நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் பட்ட வெட்கம் கோப்புகள் போனபோது பட்டதை விடப் பெரியது. சவூதியிலும் குவைத்திலும் இருந்த பெண்கள் சிலர் இலக்கம் மாறிப் போயிருந்தார்கள். 268 பேருக்குச் செய்தி சேர்ந்தது; 49 பேரை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்ற பயம் ஒன்று. மற்றது, பொலிஸில் முறையிட்டால் கிராக் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி எனக்கு நடந்தது குற்றம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் முன் நான் செய்ததும் சரியான காரியமல்ல. அத்தோடு, அதே 2022 மார்ச்சில்தான் பிறருடைய தனிப்பட்ட தரவுகளை வைத்திருப்போரின் கடமைகளைக் கூறும் 9ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. பாதிக்கப்பட்டவனும் தவறு செய்தவனும் ஒரே ஆளாக இருக்கும்போது வாய் தானாக மூடிக்கொள்கிறது. கள்வர்கள் கிராக்கைத் தெரிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொரு கடையும் தனக்கு மாத்திரமே நடந்தது என்று எண்ணிக்கொண்டு தனியே அழுகிறது. அடுத்த கடை அதே கிராக்கை இறக்குகிறது.

பெரிய இடங்களுக்கும் இது நடக்கிறது என்பதை நாடே பார்த்தது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளாகி, சுமார் ஐயாயிரம் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின. அதைப் பத்திரிகையில் வாசித்தபோது, என் கடையில் நடந்ததும் இதுதான், எட்ட வைத்த பிரதி இல்லாமற் போனதுதான், என்று உணர்ந்தேன். ஆனால் ஒரு வேறுபாடு: அவர்களுடையது வெளியே வந்தது, எத்தனை நாள் தரவு போனது, ஏன் போனது என்று பேசப்பட்டது. என்னுடையது என் அலுமாரிக்குள் கிடந்தது.

இப்போது கடையில் செய்திருப்பவற்றைச் சொல்கிறேன். கிராக் போட்ட மென்பொருள் எதுவும் இல்லை. அலுவலக வேலைகளுக்கு லிப்ரே ஒஃபிஸும், வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப்பும் கிம்பும் பயன்படுத்துகிறோம்; இவை சட்டப்படி இலவசம். பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாறுவது முதல் இரண்டு மாதம் கடினமாக இருந்தது, விரல்கள் பழைய இடத்தைத் தேடின, இப்போது இல்லை. ஒரு கணினிக்கு மாத்திரம் விண்டோஸ் உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கினேன்; மற்றதில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறோம். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மாறி மாறிப் பயன்படுத்துகிறேன். பிரதி எடுத்து முடிந்ததும் கழற்றுகிறேன். ஒன்று கடையில், மற்றது பாலையூற்றில் தங்கை வீட்டில். மாதத்தில் ஒரு நாள் பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன், ஏனெனில் திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பும் அடையாள அட்டைப் படங்களை அன்று மாலையே அழித்துவிடுகிறோம். மின்னஞ்சல் கணக்குத் திறக்க வருபவரிடம் கைபேசியைக் கொடுத்து, நாங்கள் மறுபக்கம் திரும்பி நிற்க, அவரையே கடவுச்சொல் இடச் சொல்கிறோம். வாசிக்கத் தெரியாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். இதற்கு நேரம் பிடிக்கிறது, சிலர் கோபிக்கிறார்கள். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உலாவியில் கடவுச்சொல் சேமிப்பதை நிறுத்திவிட்டோம். இரு படிச் சரிபார்ப்பு எல்லாக் கணக்குகளுக்கும் இடப்பட்டுள்ளது.

அப்டேட் பற்றியும் ஒரு சொல். கிராக் போட்ட விண்டோஸ் நின்றுவிடும் என்ற பயத்தாலும் டேட்டா செலவாகும் என்பதாலும் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கடைகள் இங்கே பல. 2017 மே 12 அன்று 'வன்னாக்ரை' என்ற வைரஸ் 150க்கு மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14இலேயே வெளியிட்டுவிட்டது. இடையில் 59 நாட்கள் இருந்தன. விண்டோஸ் 10க்கான வழமையான அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. எமது பகுதியில் கடைகளிலும் தனியார் வகுப்புகளிலும் அதே விண்டோஸ் 10தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பத்திரிகையிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு நாள், கால் பக்கமேனும், இவ்வாறு பாதிக்கப்பட்டவர்கள் தமது பெயரைச் சொல்லாமலாவது நடந்ததை எழுதுவதற்கு இடம் தாருங்கள். எந்த வழியால் வந்தது, என்ன போனது, என்ன மீண்டது என்ற மூன்றையும் எழுதினால் போதும். தமிழில் வாசிக்கும் ஒரு கடைக்காரருக்கு ஆங்கில அறிவித்தல்களை விட அது பயன்படும். எமது வர்த்தகர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: பாதிக்கப்பட்டால் கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட்டு, இலங்கை சேர்ட் எனப்படும் கணினி அவசர உதவி அமைப்பின் 101 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். நான் பேசவில்லை. பேசியிருந்தால், அந்த 317 பேருக்கும் உண்மையை எப்படிச் சொல்வது என்பதையாவது எவரேனும் எனக்குச் சொல்லித் தந்திருப்பார்கள்.

எமது வீதித் தம்பியின் கடையில் சென்ற வாரம் முழுவதும் இருந்தேன். அவரிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அதிலுள்ளவர்களை அழைக்கத் தொடங்கியிருக்கிறோம், இம்முறை நடந்ததை நடந்தபடி சொல்லி. இருவர் கோபத்தோடு தொலைபேசியை வைத்துவிட்டார்கள், ஒருவர் திட்டினார், மற்றவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றினார்கள்.

இக்கடிதம் அச்சில் வந்தால் அதன் பிரதியை என் கடைக் கதவில் ஒட்டுவேன். எனக்கு எட்டாத அந்த 49 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாததால், திருகோணமலை நகரில் எந்தத் தட்டச்சுக் கடையிலேனும் மின்னஞ்சல் கணக்குத் திறந்து, அன்று கடைக்காரர் போட்டுத் தந்த கடவுச்சொல்லை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் எல்லோரையும், அது எந்தக் கடை என்று பார்த்துக்கொண்டிராமல், இன்றே அதை மாற்றிக்கொள்ளுமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தயவுசெய்து இதை வாசித்துக் காட்டுங்கள்.

இங்ஙனம்,
தட்டச்சு, நிழற்பிரதி நிலைய உரிமையாளர்,
திருகோணமலை.